வால்வை மூடினால் போதுமா? ஐஸ் பிளாண்ட் அம்மோனியா லைனுக்கு எந்த பிளைண்ட் போடுவது?

குளச்சல் கரை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கத்து ஐஸ் பிளாண்ட் ஒன்றில் வரும் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு வேலை இருக்கிறது. அம்மோனியாவில் ஓடும் பிளாண்ட். உப்புநீர்த் தொட்டிக்கு மேலே நிற்கும் அக்குமுலேட்டர் டிரம்மில் (குளிர்ந்த அம்மோனியா தங்கும் கலன்) ஒரு நாசில் (குழாய் இணையும் வாய்) வெல்டிங் ஓரமாக அரித்துவிட்டது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். வெல்டிங் செய்யப்போவது என் சித்தப்பா மகன். அதனால்தான் இவ்வளவு கவலையோடு கேட்கிறேன்.

டிரம்முக்கு, கம்பிரசர் இழுக்கும் 80 மி.மீ. சக்‌ஷன் லைன், 25 மி.மீ. திரவ லைன், பனி உருக்குவதற்கான சூடான வாயு லைன், ஆயில் டிரெயின் (வடிகுழாய்) ஆகியவை வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வுதான். "ரிசீவர் (திரவ அம்மோனியா சேமிக்கும் கலன்) வால்வை மூடிவிட்டு கம்பிரசரால் இழுத்துவிட்டால் உள்ளே ஒன்றும் இருக்காது, வெல்டு வைக்கலாம்" என்கிறார் உரிமையாளர். பிளைண்ட், அதாவது குழாயை முழுவதும் அடைக்கும் கெட்டித் தகடு, வேண்டும் என்று நான் வற்புறுத்தியதும், தெரிந்த லேத் பட்டறையில் 3 மி.மீ. தகட்டை வட்டமாக வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார். இது சரியா? ஸ்பெக்டக்கிள், ஸ்பேட், பிளைண்ட் ஃபிளேஞ்ச் என்று பல வகை சொல்கிறார்கள். இந்த இடத்துக்கு எது பொருந்தும்?

தக்கலை ஃபிட்டர்:

தம்பி, அந்த 3 மி.மீ. தகட்டை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது ஏன் என்று கணக்குத் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். நான் வளைகுடாவில் ரிஃபைனரி ஷட்டவுன் வேலையிலேயே காலம் கழித்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வால்வு என்பது ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. அதை நம்பி ஓர் ஆளை டிரம்முக்குள் தலை நீட்ட விடக்கூடாது. சீட்டில் ஒரு வெல்டிங் துகள் சிக்கினாலும் வால்வு கசியும். வெளியே நின்று பார்த்தால் கைப்பிடி இறுகித்தான் இருக்கும். 1989 அக்டோபர் 23 அன்று அமெரிக்காவில் பாசடேனா பாலிஎத்திலீன் ஆலையில் 23 பேர் இறந்தார்கள். அடைத்துக்கொண்ட குழாயைச் சுத்தம் செய்தபோது, ஓடும் ரியாக்டருக்கும் திறந்த குழாய்க்கும் நடுவே ஒரே ஒரு பால் வால்வுதான் இருந்தது. அதை இயக்கும் காற்றுக் குழாய்கள் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்ததால், மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்து நின்றது. பிளைண்ட் போட்டிருந்தால் அந்தக் காற்றுக் குழாயை யார் எப்படிப் பொருத்தியிருந்தாலும் வாயு வந்திருக்காது.

இனி வகைகள். பிளைண்ட் ஃபிளேஞ்ச் என்பது குழாயின் திறந்த வாயை மூடுவது. குழாய்த் துண்டைக் கழற்றி எடுத்துவிட முடிகிற இடத்தில் அதைவிட நல்லது வேறு எதுவும் கிடையாது. இடையில் ஒரு துண்டு இல்லை என்பதைத் தூரத்தில் நிற்பவனும் பார்க்கலாம். ஸ்பேட் என்பது கைப்பிடி வைத்த கெட்டித் தகடு. இரண்டு ஃபிளேஞ்சுக்கு (குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் விளிம்புகள்) நடுவே செருகுவது. அதே கனத்தில் நடுவே துளையுள்ள வளையம் ஸ்பேசர். வேலை இல்லாத நாட்களில் அந்த இடத்தில் ஸ்பேசர் இருக்கும். வேலை நாளில் அதை எடுத்துவிட்டு ஸ்பேட் செருகுவார்கள். இரண்டையும் ஒரே தகட்டில் எட்டு வடிவத்தில் சேர்த்தது ஸ்பெக்டக்கிள் பிளைண்ட். போல்ட்டைத் தளர்த்தித் திருப்பிவிட்டால் போதும். துளை வெளியே தெரிந்தால் லைன் அடைபட்டிருக்கிறது, கெட்டிப் பக்கம் வெளியே தெரிந்தால் லைன் திறந்திருக்கிறது. யாரையும் கேட்காமலே நிலவரம் தெரிவதுதான் அதன் பெரிய பலம். அது தொலைந்தும் போகாது.

ஸ்பேசரே இல்லாத லைனில் திடீரென்று ஸ்பேட் போட நினைத்தால்தான் சிக்கல். அத்தனை கனத்துக்குக் குழாய் விலகிக் கொடுக்க வேண்டும். சிறிய, விறைப்பான லைனை ஆப்பு அடித்து விலக்கினால் பக்கத்து வெல்டிங்கில் விரிசல் விழும். ஆகவே இந்தத் தடைக்காலத்திலேயே ஒவ்வொரு நாசிலிலும் ஸ்பேசருக்கான இடைவெளியை ஏற்படுத்திவிடுங்கள். அடுத்த முறை வேலை எளிதாகும்.

சின்னமுட்டம் ரெஃப்ரிஜரேஷன்:

அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ரிஃபைனரி வழக்கத்தை அப்படியே அம்மோனியாவுக்குக் கொண்டுவரும்போது நான்கைந்து விஷயங்கள் உண்டு. இதையே தொழிலாகச் செய்கிறவன் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

அம்மோனியா லைன்களில் ஃபிளேஞ்ச் பெரும்பாலும் தட்டையாக இருக்காது. ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் பள்ளம்; கசிவை அடைக்கும் வளையமான கேஸ்கட் அந்தப் பள்ளத்துக்குள் உட்காரும். நடுவில் சப்பைத் தகட்டைச் செருகினால் நாக்கின் மெல்லிய விளிம்பு மட்டுமே தகட்டைத் தொடும், பள்ளப் பக்கம் கேஸ்கட்டே உட்காராது. எவ்வளவு இறுக்கினாலும் அது கசியும். பிளைண்டின் ஒரு முகத்தில் பள்ளமும் மறுமுகத்தில் நாக்கும் கடைந்திருக்க வேண்டும். ஸ்பேசருக்கும் அப்படியே. பட்டறைக்காரர் ஃபிளேஞ்சைப் பார்க்காமலே தகடு வெட்டித் தருகிறார் என்றால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

அடுத்தது திரவ லைன். இதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம். ஒரு முனையில் வால்வையும் மறுமுனையில் பிளைண்டையும் வைத்து நடுவில் குளிர்ந்த திரவ அம்மோனியாவைச் சிறைப்பிடித்துவிட்டால், வெயில் ஏற ஏறத் திரவம் விரியும். விரிய இடமில்லாத திரவத்தின் அழுத்தம் வாயுவைப் போல மெல்ல ஏறாது. சில டிகிரி வெப்பத்துக்கே எகிறி வால்வு உடலையே பிளந்துவிடும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ரிசீவரின் வெளியேற்று வால்வை மூடி, கீழே இருக்கும் திரவம் முழுவதும் ஆவியாகி வரும்வரை கம்பிரசரை ஓட்டி, லைன் காலியான பிறகுதான் பிளைண்ட்.

"இழுத்துவிட்டேன், கேஜ் பூஜ்யம் காட்டுகிறது" என்று அப்போதே ஸ்பேனரை எடுக்கவும் கூடாது. டிரம்மின் அடியில் தங்கிய ஆயிலில் அம்மோனியா கரைந்திருக்கும். கம்பிரசரை நிறுத்திக் காத்திருந்து பாருங்கள், முள் மறுபடி ஏறும். ஆயிலை வடித்து, மீண்டும் இழுத்து, முள் ஏறாமல் நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். பிறகு உலர் நைட்ரஜன் விட்டுக் கழுவ வேண்டும். கரியமில வாயுவை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து திடப்பொருளாகிக் குழாயை அடைத்துவிடும். பித்தளை, செம்பு எதுவும் பிளைண்டிலோ பொருத்திகளிலோ வரக்கூடாது, அம்மோனியா அவற்றைத் தின்றுவிடும்.

"வெறும் மூக்கெரிச்சல்தானே" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 300 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு) அளவே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. காற்றில் சுமார் 15 முதல் 28 விழுக்காடு வரை கலந்தால் தீப்பற்றும். மூடிய டிரம்முக்குள் வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் அந்தக் கலவை எளிதில் உண்டாகும்.

நாகர்கோவில் ஒப்பந்தக்காரர்:

இருவரும் மன்னிக்க வேண்டும், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பிளைண்ட் போடுவதற்கே ஃபிளேஞ்சைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. முழு வேலையிலும் ஆபத்தான நேரம் அதுதான். நான்கு லைனில் நான்கு முறை பிரித்து, மறுபடி எடுக்க நான்கு முறை பிரித்தால் எட்டு முறை ஆபத்தைக் கூப்பிடுகிறோம். இரண்டு வால்வை மூடி, நடுவில் இருக்கும் சிறு வால்வைத் திறந்துவைத்து, கசிந்தால் அது வெளியே போகும்படி செய்வது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறைதான். அமெரிக்காவின் அடைபட்ட இடங்களுக்கான பாதுகாப்பு விதியே பிளைண்டோடு அதையும் வரிசையில் சேர்த்திருக்கிறது. சிறிய பிளாண்டுக்காரர்களின் செலவையும் பார்க்க வேண்டும்.

தக்கலை ஃபிட்டர்:

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு பம்ப்பின் சீல் மாற்ற, ஒரு ஸ்டிரெய்னரைக் கழற்றிச் சுத்தம் செய்ய, இரண்டு வால்வும் நடுவில் திறந்த வழியும் போதும். அங்கே ஒவ்வொரு முறையும் பிளைண்ட் கேட்பது தேவையில்லாத ஆபத்து. ஆனால் ஆள் உள்ளே இறங்கும் வேலை, தீ வைக்கும் வேலை, நாட்கணக்கில் திறந்து கிடக்கும் வேலை ஆகிய மூன்றுக்கும் நான் பிளைண்டைத் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டேன். இரவுக் காவலுக்கு வந்தவர் அந்தச் சிறு வால்வு திறந்து கிடப்பதைப் பார்த்து நல்லெண்ணத்தில் மூடிவிட்டால் உங்கள் முறையின் உயிரே போய்விடும்.

இன்னொன்று. இந்த ஐஸ் பிளாண்டில் டிரம்முக்கு வரும் ஒவ்வொரு லைனிலும் ஒரு வால்வுதான் இருக்கிறது என்று தெரிகிறது. இரண்டாவது வால்வுக்கும் நடு வழிக்கும் எங்கே போவது? அவற்றைப் பொருத்துவதற்கும் லைனை வெட்டத்தானே வேண்டும்?

பிரிக்கும் நேரத்தின் ஆபத்தைக் குறைக்க வழி உண்டு. காற்று வரும் திசையில் நின்று, உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல் சில புரிகள் மட்டும் விட்டு, இணைப்பு பிரிந்து மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். விட்டால் மறுபடி இறுக்க அந்தப் புரிகள்தான் கைகொடுக்கும். முகக்கவசத்தோடு நிற்கும் இன்னோர் ஆளும், ஓடும் தண்ணீர்க் குழாயும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேளிமலை அடிவாரம்:

நான் பிரஷர் வெசல் வடிவமைப்பில் இருக்கிறேன். தகட்டுக் கனத்தைப் பற்றிச் சொல்கிறேன், இங்கே யாரும் எண் போடவில்லை.

ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) வெளியிட்ட பி31.3 விதியில் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அழுத்தத்தை மூன்றால் பெருக்குங்கள். உலோகத்துக்கு அனுமதித்த இழுவிசையைப் பதினாறால் பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதைக் கேஸ்கட்டின் உள்விட்டத்தால் பெருக்கினால் தகட்டின் கனம் வரும். அதற்கு மேல் அரிமானத்துக்கென்று கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

80 மி.மீ. லைனுக்குக் கேஸ்கட் உள்விட்டம் ஏறத்தாழ 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர் அழுத்தப் பக்கத்தை 20 பார் (2 மெகாபாஸ்கல்) தாங்க வடிவமைக்கிறோம், சாதாரண கார்பன் ஸ்டீலுக்கு அனுமதித்த இழுவிசை 138 மெகாபாஸ்கல். கனம் 5.2 மி.மீ. வரும். உப்புக்காற்றுக்கு 1.5 மி.மீ. சேர்த்தால் 6.7. ஆகவே 8 மி.மீ. தகடு. நாக்கு, பள்ளம் கடைவதாக இருந்தால், கடைந்த பிறகு எந்த இடத்திலும் அந்தக் கனம் குறையாதபடி தடித்த தகட்டில் தொடங்க வேண்டும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பட்டறையின் 3 மி.மீ. தகடு சுமார் 6.6 பார் வரைக்குத்தான் தகுதி. 35 டிகிரி வெப்பத்தில் அம்மோனியாவின் அழுத்தம் கேஜில் 12.5 பாரைத் தொடும். அதே 3 மி.மீ. தகட்டை 200 மி.மீ. நீராவி லைனில் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: வெறும் 1.25 பார். விட்டம் இரண்டு மடங்கானால் தாங்கும் அழுத்தம் நான்கில் ஒன்றாகிவிடும் என்பதால்தான் பெரிய லைனில் கண்மதிப்பு உதவாது. 7 பார் நீராவி அந்த 200 மி.மீ. லைனின் தகட்டை ஏறக்குறைய 3 டன் பாரத்தோடு தள்ளும்.

கணக்கே போட விரும்பாதவர்களுக்கு ஏ.எஸ்.எம்.இ. பி16.48 இருக்கிறது. ஸ்பேட், ஸ்பேசர், ஸ்பெக்டக்கிள் மூன்றுக்கும் ஃபிளேஞ்சின் அளவையும் அழுத்த வகுப்பையும் பார்த்து கனத்தை நேரே எடுத்துக்கொள்ளலாம். 150 வகுப்பு கார்பன் ஸ்டீல் ஃபிளேஞ்ச் சாதாரண வெப்பத்தில் 19.6 பார் தாங்கும், 300 வகுப்பு 51.1 பார். பிளைண்டின் வகுப்பு ஃபிளேஞ்சின் வகுப்புக்குக் கீழே போகவே கூடாது. தகடு கட்டட வேலைக்கானதாக இல்லாமல் ஐ.எஸ். 2002 பாய்லர் தரத்தில் இருக்கட்டும். அளவு, வகுப்பு, உலோகம் மூன்றையும் கைப்பிடியில் எழுத்துப் பதித்துத் தரச் சொல்லுங்கள். எழுத்தில்லாத தகடு எங்கிருந்து வந்தது என்று ஒரு வருடம் கழித்து யாருக்கும் தெரியாது.

குலசேகரம் லேட்டக்ஸ்:

பயனுள்ள இழை. எங்கள் ரப்பர் பால் ஆலையில் இரண்டு பாய்லர்கள் ஒரே நீராவி ஹெட்டரில் (பொதுக் குழாயில்) சேர்கின்றன. ஒன்றை நிறுத்தி உள்ளே ஆள் இறங்கும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இது நடக்கும். ஸ்பெக்டக்கிள் வாங்கலாம் என்று நினைக்கிறோம். சரிதானே?

தக்கலை ஃபிட்டர்:

உங்களுக்கு ஸ்பெக்டக்கிள்தான். அடிக்கடி திருப்ப வேண்டிய இடம், மலையோரம், உப்புக்காற்றும் அவ்வளவாக இல்லை. தகட்டைத் திருப்ப இடம் இருக்கிறதா, எடையைத் தூக்கிப் பிடிக்க மேலே கொக்கி போட முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளைண்டைப் போடும் வரை இரண்டு வால்வுக்கு நடுவிலுள்ள டிரெயின் திறந்தே இருக்கட்டும்.

ஆனால் குளச்சல் தம்பிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காரணம் கடல். ஸ்பெக்டக்கிளின் ஒரு பாதி எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம் கடற்கரையில் இரண்டு மழைக்காலம் போனால் அந்தப் பாதியின் முகம் குழி விழுந்து, அம்மைத் தழும்பு போல ஆகிவிடும். தேவைப்படும் நாளில் திருப்பி வைத்தால் கேஸ்கட் அதில் அடைக்காது. அதோடு சக்‌ஷன் லைன் குளிர்ந்த லைன். வெளியே நீளும் இரும்பு இன்சுலேஷனைக் கிழித்துக்கொண்டு நிற்கும், அதில் பனி படியும், உருகிய நீர் உறைக்கு அடியில் இறங்கிக் குழாயையே அரிக்கும். அரித்த நாசிலை மாற்றும் வேலையில் அடுத்த அரிப்புக்கு நாமே வழி செய்ய வேண்டாம். லைனில் ஸ்பேசர், ஸ்டோரில் ஸ்பேட். ஸ்பேட்டின் முகத்தில் கிரீஸ் தடவித் துணி சுற்றி, லைன் பெயர் எழுதி ஆணியில் தொங்கவிடுங்கள்.

சின்னமுட்டம் ரெஃப்ரிஜரேஷன்:

ஆமோதிக்கிறேன். சூடான வாயு லைனையும் ஆயில் டிரெயினையும் மறந்துவிடாதீர்கள். பெரிய சக்‌ஷன் லைனில் கவனமாக பிளைண்ட் போட்டுவிட்டு, விரல் கனத்துச் சமநிலைக் குழாயை விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்ப்பது. சேஃப்டி வால்வின் வெளியேற்றுக் குழாய் மற்றப் பாத்திரங்களோடு பொதுவாக இணைந்திருந்தால் அந்த வழியாகவும் வாயு திரும்பி வரும். கேஜ் லைன்களைக் கழற்றி மூடி போட்டுவிடுங்கள். பிளைண்ட், வால்வுக்கும் டிரம்முக்கும் நடுவில், நாசிலை ஒட்டியே இருக்கட்டும்.

ஆரல்வாய்மொழி சேஃப்டி:

தொழிலகப் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். எந்த பிளைண்ட் என்பது முடிவாகிவிட்டது. ஆனால் பிளைண்டைப் போட்டவர் யார், எடுப்பவர் யார், இடையில் அது அங்கே இருப்பது யாருக்குத் தெரியும் என்பதை இன்னும் யாரும் தொடவில்லை.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் தளத்தில் 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்ப்பின் சேஃப்டி வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றி, அந்த இடத்தில் பிளைண்ட் ஃபிளேஞ்ச் வைத்திருந்தார்கள். பம்ப் ஓடாது என்ற எண்ணத்தில் வைத்தது, அழுத்தம் தாங்கும்படி இறுக்கப்படவில்லை. ஷிஃப்ட் மாறியது. சேஃப்டி வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். இறுக்கப்படாத பிளைண்ட் வழியே வாயு கசிந்து வெடித்தது. பெயருக்கு பிளைண்ட் அங்கே இருந்தது. போபாலில் 1984 டிசம்பரில் குழாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதற்குமுன் போட வேண்டிய ஸ்லிப் பிளைண்ட் போடப்படவில்லை என்பது வெளிவந்தது. தண்ணீர் எந்த வழியில் டாங்கிக்குள் போனது என்பதில் கம்பெனி வேறு விளக்கம் சொன்னது. ஆனால் கழுவும் வேலைக்குமுன் பிளைண்ட் போடுவது அங்கே எழுதப்பட்ட நடைமுறை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

நம் நாட்டில் 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, அதன் 37-ஆம் பிரிவில், தீப்பற்றும் வாயு அழுத்தத்தில் உள்ள குழாயின் இணைப்பைத் தளர்த்துமுன் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், இணைப்பைக் கழற்றுமுன் அழுத்தத்தை வெளிக்காற்றின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தது. அடைபட்ட இடத்தில் நச்சுவாயு இருக்கும்போது ஆள் இறங்குவதைப் பற்றி 36-ஆம் பிரிவு பேசியது. ஐஸ் பிளாண்ட் சின்னது என்பதால் அம்மோனியா சின்னதாகிவிடாது.

செய்ய வேண்டியது ஒரு பக்கத் தாள்தான். ஒவ்வொரு பிளைண்டுக்கும் ஓர் எண். எந்த லைன், எந்த ஃபிளேஞ்ச், என்ன அளவு, போட்டவர் கையெழுத்து, நேரம். எடுக்கும்போது அதே வரியில் இன்னொரு கையெழுத்து. தாள் பிளாண்ட் அறையின் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். வெல்டரும் அதைப் படித்துவிட்டு, தானே நடந்து போய் ஒவ்வொரு பிளைண்டின் கைப்பிடியையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் பர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) கையெழுத்திட வேண்டும். உங்கள் சித்தப்பா மகனிடம் இதை நீங்களே சொல்லுங்கள். உள்ளே இறங்கப்போவது அவர். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

குளச்சல் கரை:

அனைவருக்கும் நன்றி. இழை முழுவதையும் அச்செடுத்து உரிமையாளரிடம் கொடுத்தேன். 6.6 பாருக்கும் 12.5 பாருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்ததும் 3 மி.மீ. தகட்டு யோசனையைக் கைவிட்டுவிட்டார். நான்கு நாசிலுக்கும் ஸ்பேசரும் ஸ்பேட்டும் செய்யச் சம்மதித்திருக்கிறார். எங்கள் கரையில் தடை ஜூன் 1-ஆம் தேதி தொடங்கி ஜூலை 31 வரை. வேலை அதற்குள் முடியும். இரண்டு கேள்விகள். பழைய போல்ட்டையே பயன்படுத்தலாமா? வேலை முடிந்து பிளைண்டை எடுத்த பிறகு கசிவுச் சோதனை எதை வைத்துச் செய்வது?

சின்னமுட்டம் ரெஃப்ரிஜரேஷன்:

சோதனை உலர் நைட்ரஜனில். ஆக்சிஜன் சிலிண்டரைப் பக்கத்திலேயே கொண்டுவர விடாதீர்கள். ஆயில் படிந்த லைனில் ஆக்சிஜனை ஏற்றினால் வெடிக்கும். சோப்பு நீர் தடவி ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ஒருமுறை அழுத்திய கேஸ்கட்டை மறுபடி வைக்காதீர்கள். போடும்போது இரண்டு புறமும் புதிது, எடுத்து ஸ்பேசரை வைக்கும்போதும் இரண்டு புறமும் புதிது. எத்தனை வேண்டும் என்று இப்போதே எண்ணி வாங்குங்கள், வேலைக்கு நடுவில் பழையதைத் தேடும் நிலை வரக்கூடாது.

தக்கலை ஃபிட்டர்:

பழைய போல்ட் வேண்டாம் தம்பி. உப்புக்காற்றில் புரி தேய்ந்திருக்கும், நீளமும் போதாது. பிளைண்டின் உடல் 10 மி.மீ. என்றால், கூடுதல் கேஸ்கட்டையும் சேர்த்துக் குறைந்தது 12 மி.மீ. நீளம் அதிகம் வேண்டும். நட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு புரியாவது தெரிய வேண்டும். ஸ்பேசரும் அதே கனம் என்பதால் அந்த ஸ்டட்டுகளே நிரந்தரமாக அங்கே இருக்கலாம். பி7 ஸ்டட், 2எச் நட் என்று கேட்டு வாங்குங்கள். சக்‌ஷன் லைன் எவ்வளவு குளிருகிறது என்று பார்த்துச் சொன்னால் அது போதுமா என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு ஃபிளேஞ்சிலும் நாக்கு எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்பது பழைய வரைபடத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், பிளாண்டை நிறுத்திக் காலி செய்த பிறகு முதல் இணைப்பைப் பிரிக்கும் நாளில் அளவெடுத்துப் படத்தோடு இங்கே போடுங்கள். பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய வரைபடத்தை நான் வரைந்து தருகிறேன்.